வறுபடும் வாசனை

தார் ரோட்டின் முழு அகலத்துக்கும் கொள்ளுச்செடி பரப்பிக் கிடந்தது. ராத்திரிப் பனியில் ஊறி, கொடியெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கறுத்துப் போயிருந்தது. லாரிச் சக்கரம் வாரிக்கொண்டு போகாமலிருக்க ஓரம் நெடுகக் கல் வைத்திருந்தார்கள். அந்தக் கற்களில் ஒன்றின்மேல் உட்கார்ந்து அருணாதேவி கொண்டை முடிந்துகொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் ஆளுக்கொரு சாப்பாட்டுத் தூக்கும் தண்ணீர் பாட்டிலுமாக, முந்தானையைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு நின்றார்கள்.

மேட்டுக்கொல்லைக்கு பஸ் கிடையாது. பஸ் பிடிக்க வேண்டுமானால் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் நடக்க வேண்டும். பாஞ்சாலை வேன் வாங்கிய பிறகுதான் அந்த நடை நின்றது. பாஞ்சாலையும் முன்பு இவர்களோடு சேர்ந்து கிரிவலப் பாதையைக் கூட்டியவள்தான். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்ட வருஷம் லைசென்ஸ் எடுத்தாள். மூன்று கை மாறிய பழைய வேன் ஒன்றை வாங்கினாள். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிற வண்டி. சாவியைத் திருப்பினால் உட்கார்ந்திருக்கிற இடத்தில் சூடு தெரியும். துப்புரவு ஒப்பந்தக் கம்பெனி இந்தப் பெண்களை ஏற்றி இறக்குகிற வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தது.

வேன் வளைவில் திரும்பி, விளக்கு முகத்தில் அடித்ததும் அருணாதேவி எழுந்து கையைக் காட்டினாள்.

“யக்கா, ஒரு தபா ஏத்தி எறக்கிடு. நேத்து சாயங்காலம் சரியா நொறுங்கல.”

“காலங்காத்தால என்னிய போர் அடிக்கக் கூப்பிடறியா? நான் இன்னா மாடா?”

“மாட்டுக்கு வைக்கோல் போடணும். உனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தா போதுமே.”

பெண்கள் சிரித்தார்கள். பாஞ்சாலை சலித்துக்கொள்வதுபோல் தலையை ஆட்டிவிட்டு வேனைக் கொள்ளின்மேல் ஏற்றினாள். கடைசிவரை போய், ரிவர்ஸில் வந்து, மறுபடி முன்னால் போனாள். அந்த ரோட்டில் எல்லா வண்டியும் அதன்மேல்தான் போகும். நின்று, பின்னால் வந்து, இன்னொரு தடவை மிதித்துக் கொடுப்பவள் இவள் ஒருத்திதான். அருணாதேவிக்கு இருப்பது ஏரிக்கரையை ஒட்டிக் குத்தகைக்கு எடுத்த துண்டு நிலம். விளைந்த கொள்ளை அடிக்க இடமில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் சிமென்ட் களம் ஒன்று இருந்தது. அதன் கம்பிக் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

பெண்கள் ஏறிக்கொண்டார்கள். கீழ்பென்னாத்தூரைத் தாண்டியதும் அந்த வாசனை வந்தது.

அது புதிதல்ல. நாலைந்து நாளாகவே வந்துகொண்டிருந்தது. முதல்நாள் வந்தபோது நன்றாகவே இருந்தது. யாரோ தூக்கில் வறுத்த பயறு கொண்டுவந்து மறைக்கிறார்கள் என்று எல்லார் தூக்கையும் திறந்து பார்த்தார்கள். பழைய சோறும் ஊறுகாயும்தான் இருந்தது. பிறகு வாசனையில் கசப்பு ஏறியது. இன்று தொண்டையில் காறல் இருந்தது. சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த சினேகா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். சினேகா பி.காம் முடித்தவள். ஆபீஸ் வேலை என்று சொல்லித்தான் கம்பெனி எடுத்தது. சேர்ந்த அன்று கையில் துடைப்பத்தைக் கொடுத்தது.

“யக்கா, ஒயர் ஏதாச்சும் எரியுதா?”

“ஒயர் எரிஞ்சா பிளாஸ்டிக் வாசன வரும்டி. விளக்கு அணையும், ஆரன் அடிக்காது.” பாஞ்சாலை ஹாரனை ஒரு தட்டு தட்டினாள். அது நன்றாகவே கத்தியது.

வேங்கிக்காலில் கம்பெனி ஷெட் வாசலில் சூப்பர்வைசர் திருமலை கையில் போனோடு நின்றிருந்தான். அந்தப் போன்தான் வருகைப் பதிவு. ஒவ்வொருத்தி முகத்துக்கும் நேராகப் பிடிப்பான். முகம் பொருந்தினால் பச்சை விழும். ஏழு மணியானால் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வந்தவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

திருமலை வேனுக்குள் தலையை நீட்டி மோந்து பார்த்தான்.

“இன்னா பாஞ்சாலை, வண்டிக்குள்ள அடுப்பு வெச்சிருக்கியா?”

“பாத்துடறேன் சார்.”

“நாளைக்கு பௌர்ணமி. நடுவழில நின்னுட்டா நான் இன்னா பண்றது? நாளைக்கு வராத ஆளு நாளான்னிக்கும் வரவேணாம்னு மேல சொல்லிட்டாங்க. என் மச்சான் வண்டி சும்மாத்தான் நிக்குது. உன்னுது சரியில்லன்னா சொல்லிடு, அத வெச்சிக்கிறேன்.”

“உங்க மச்சான் மேட்டுக்கொல்லைக்கு வருவாரா?” என்றாள் அருணாதேவி.

“அந்த ரோட்டுல எவன் வருவான்? கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு நீங்க வந்துடணும்.”

கீழ்பென்னாத்தூர் வரைக்கும் நடப்பதென்றால் கோழி கூவுமுன் கிளம்ப வேண்டும். பாஞ்சாலைக்கு அந்த வண்டிச் சாவியைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. அது அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பெண்கள் வேலைக்குப் போனதும் பாஞ்சாலை வேனை முருகவேல் ஷெட்டுக்கு ஓட்டினாள். முருகவேல் கெட்டிக்கார மெக்கானிக். சத்தத்தை வைத்தே பாதி வியாதியைச் சொல்லிவிடுவான். அன்றைக்கு ஷெட் நிறைய வண்டி. பௌர்ணமிக்கு வந்து இறங்கிய வெளியூர்க் கார்கள் இரண்டு பானட்டைத் திறந்துகொண்டு நின்றன. ஸ்பானரைக் கீழே வைக்காமலேயே அவள் சொன்னதைக் கேட்டான்.

“கிளட்ச் பிளேட்டு தீயுது.”

“தூக்கிப் பாக்கலியா?”

“தூக்கறதுக்கு இன்னா இருக்குது? பொம்பளைங்க ஓட்டுனா இதான். கிளட்ச் மேலயே கால வெச்சிக்கினு தூங்குவீங்க. வண்டிய வுட்டுட்டுப் போ. ரெண்டு நாள் ஆவும்.”

“நான் கால வெக்கமாட்டேன்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்றீங்க.”

ரெண்டு நாள் என்றால் பௌர்ணமி போய்விடும். பௌர்ணமியோடு வேலையும் போய்விடும். பாஞ்சாலை வண்டியை விடவில்லை.

அவளுக்கு எதையும் வரிசையாகச் செய்துதான் பழக்கம். சாயங்காலம் பெண்களுக்காகக் காத்திருந்தபோது, கம்பெனி ஷெட் மதில் நிழலில் வேனை நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்தாள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்று மட்டும் கொதிக்கும். நாலும் ஒரே சூடு. ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். ஆயில் இறங்கவில்லை. முன்சீட்டைத் தூக்கி பெல்ட்டைப் பார்த்தாள். விரிசல் இல்லை. கடைசியில் சாக்கை விரித்துப் படுத்து அடியில் எட்டிப் பார்த்தாள். நடுவில், இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளக் குழாய் தெரிந்தது. சேறும் ஆயிலும் அப்பி, கரும்பழுப்பாய், தொடைப் பருமனுக்கு ஓர் உறை போட்டதுபோல் இருந்தது. வண்டியோடு வந்த உறை என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கிளட்ச் என்பது மட்டும் அவளுக்கு ஒட்டவில்லை. கிளட்ச் தீய்ந்தால் நெரிசலில் அல்லவா நாற வேண்டும்? தேரடித் தெருவில் ஆட்டோவும் ஆளுமாக அடைத்துக்கொண்டு, காலை எடுத்து எடுத்து வைத்துத்தான் ஊர்ந்திருக்கிறாள். அங்கே வாசனை அடங்கிப் போகிறது. காலியான ரோட்டில், நாலாவது கியரில், காலைத் தரையில் வைத்துக்கொண்டு போகும்போதுதான் கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டு கல்யாணத்துக்குப் போய் வந்தாள். போகும்போது இருந்தது. நாள் முழுக்க ஓடி, திரும்பும்போது கொஞ்சம் குறைந்திருந்தது. திங்கட்கிழமை காலை மறுபடி ஜாஸ்தியாகிவிட்டது. இதையெல்லாம் யோசித்துப் பார்த்தாள். எதனோடும் சேர்க்கத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பனி இன்னும் கடுமை. கொள்ளிலிருந்து தண்ணீர் சொட்டாத குறை. வழக்கம்போல் அருணாதேவி கையைக் காட்டினாள். வழக்கம்போல் பாஞ்சாலை ஏற்றி இறக்கினாள். பௌர்ணமி என்பதால் எல்லோரும் சீக்கிரமே கிளம்பியிருந்தார்கள். கீழ்பென்னாத்தூரில் ரோடு முழுக்க பஸ். பக்தர்கள் படிக்கட்டில் தொங்கினார்கள். ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் வாசனை வந்தது. அதன் பின்னாலேயே, கியர் கம்பியைச் சுற்றியிருந்த ரப்பர் இடுக்கிலிருந்து நூல்போலப் புகை வந்தது.

பாஞ்சாலை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினாள்.

“எறங்குங்க! தூக்கெல்லாம் அப்பிடியே வுட்டுட்டு மொதல்ல எறங்குங்கடி!”

கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து இறங்கி வேலிப்பக்கம் ஓடினார்கள். வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை சோம்பலாகப் படர்ந்து புளியமரத்துப் பக்கம் போனது. சினேகா ரோட்டின் நடுவில் போய் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினாள். அரோகரா என்று கத்திக்கொண்டே ஒரு பஸ் நிற்காமல் போனது. இன்னொன்றும் போனது. ஒரு வெள்ளைக் கார் மட்டும் வேகத்தைக் குறைத்தது. சன்னல் வழியாக ஒரு கை போனை நீட்டிப் புகையைப் படம் எடுத்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

“ஏழு மணிக்குள்ள போவ முடியாதுக்கா,” என்றாள் சினேகா.

“கிளட்சா?” என்றாள் ஒருத்தி.

“கிளட்ச்னுதான் சொன்னான்...” என்றாள் பாஞ்சாலை. பெட்ரோல் குழாய் அந்தப் பக்கமாகத்தான் போகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அருணாதேவி மட்டும் ஓடாமல் பாதி வழியில் நின்றிருந்தாள். மூக்கை உயர்த்தி, கண்ணை மூடி, ரசத்துக்கு உப்பு பார்ப்பதுபோல் மோந்துகொண்டிருந்தாள்.

“யக்கா, இது கொள்ளுக்கா.”

“இன்னாது?”

“கொள்ளு வறுபட்டுத் தீயற வாசன. ரப்பரும் இல்ல, ஒயரும் இல்ல. அடுப்புல வறுக்கப் போட்டுட்டு மறந்துட்டா இப்பிடித்தான் வரும். எங்க வூட்டுல எத்தினி தபா தீச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“வண்டிக்குள்ள ஏதுடி கொள்ளு?”

கேட்டு முடிக்குமுன்பே பாஞ்சாலைக்குப் பதில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொள்ளின்மேல் போகவில்லை. திங்கட்கிழமை போனாள். தினம் காலையில், பனியில் ஊறிய கொடியின்மேல், முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. வெயிலில் காய்ந்ததென்றால் சக்கரத்தில் நொறுங்கும். ஈரக்கொடி நொறுங்காது. சுழல்கிற எதிலும் கயிறுபோல் சுற்றிக்கொள்ளும். தொடைப் பருமன் உறை நினைவுக்கு வந்தது.

“அடிப்பாவி! உன் கொள்ளுதான்டி என் வண்டிய எரிக்குது!”

அருணாதேவி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“கல்லு வைங்கடி சக்கரத்துக்கு. நாலு பக்கமும் வைங்க. தண்ணி பாட்டில எல்லாம் எடுங்க. சைலன்சர்மேல ஊத்தாதீங்க, நான் சொல்ற எடத்துல ஊத்தணும்.”

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கியரை விடுவித்துவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாஞ்சாலை அடியில் போனாள். கிட்டத்தில் பார்த்தபோது தெரிந்தது. உறையே இல்லை. கொடிமேல் கொடியாக நாள் கணக்கில் முறுக்கி, சேறு பூசி, ஆயில் குடித்து இறுகிப்போன திரி. வெளிப்பக்கம் இன்றைய பனி ஈரம் இருந்தது. சைலன்சரை உரசும் பக்கத்தில் உள்ளே சிவப்பாகக் கங்கு கண் திறந்து மூடியது. கையால் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. விரல்தான் சுட்டது.

“அறுக்க ஏதாச்சும் குடுங்கடி!”

அருணாதேவி தன் பையைக் கவிழ்த்தாள். சாயங்காலம் திரும்பும்போது மிச்சமிருக்கிற கொள்ளை அறுப்பதற்காக அவள் தினமும் கொண்டுவருகிற கருக்கரிவாள் விழுந்தது. அதை எடுத்து அடியில் தள்ளினாள். பிறகு தானும் மறுபக்கத்திலிருந்து உள்ளே ஊர்ந்து வந்தாள்.

“நீ எதுக்குடி வர? வெளியில போ.”

“என் கொள்ளுக்கா. நான் வராம யாரு வருவா?”

பாஞ்சாலை அரிவாளின் பல்லை வைத்து நீளவாக்கில் இழுத்தாள். கயிறு அறுபடுகிற சத்தம் வந்தது. அறுத்த இடத்தில் புகை குபுகுபுவென்று முகத்தில் அடித்தது. “ஊத்து!” என்றாள். சினேகாவின் கை பாட்டிலோடு உள்ளே வந்தது. சுர்ரென்று அடங்கியது. மறுபடி அறுத்தாள். மறுபடி தண்ணீர். ஒவ்வொரு பாட்டிலாகக் காலியாகி ரோட்டில் உருண்டது. கடைசி அடுக்கு இரும்பில் ஒட்டிக்கொண்டு பிடிவாதம் பிடித்தது. அருணாதேவி இரண்டு கையாலும் முனையைப் பற்றினாள். அவள் காலை வெளியிலிருந்த பெண்கள் பற்றினார்கள்.

“இழுங்கடி!”

“காலு பிஞ்சிடும்டி, மெதுவா!”

“கொள்ளு வருதா, காலு வருதான்னு சொல்லு!”

அருணாதேவி வந்தாள். அவளோடு கன்றுக்குட்டி நீளத்துக்குக் கரிந்த திரியும் வந்தது. ரோட்டில் போட்டு எட்டுப் பேரும் ஏறி மிதித்தார்கள். செருப்புக்கு அடியில் கங்கு நசுங்கியது. திரி பிளந்து, உள்ளிருந்து கொள்ளு பொலபொலவென்று கொட்டியது. பொன்னாய் வறுபட்டது பாதி, கரியானது பாதி. யாரோ குனிந்து நாலைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

“உப்புதான் கம்மி.”

பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. பாஞ்சாலை வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, புகைக் கண்ணீரும் சிரிப்புமாக மூச்சுவிட முடியாமல் தவித்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள்.

மறுபடி படுத்து, பெட்ரோல் குழாயைத் தடவிப் பார்த்தாள். சூடு இருந்தது, ஈரம் இல்லை. நடுவிலிருந்த நீளக் குழாய் நெடுகப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கங்கு எங்கும் இல்லை. சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்தது. எல்லோரும் மூக்கை நீட்டி மோந்தார்கள். ஈரக்கரி வாசனை மட்டும்தான் இருந்தது.

“ஏறுங்க!”

அந்தக் கரித்திரியையும் ஒரு கோணியில் போட்டு ஏற்றிக்கொண்டாள். அப்புறம் வேன் ஓடிய ஓட்டத்தை அந்தப் பெண்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்த சுமை போய்விட்டதால் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி காளைபோல் கிளம்பியது. பக்தர்களின் பஸ் இரண்டைத் தாண்டினாள். ஒன்று, இவர்களுக்கு நிற்காமல் போன பஸ்தான். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அருணாதேவி அதைப் பார்த்து அரோகரா என்று கத்தினாள். உள்ளே எல்லோரும் கத்தினார்கள். தொலைவில் பனியை உதறிக்கொண்டு மலை தெரிந்தது.

வேங்கிக்கால் ஷெட் வாசலில் மச்சானின் வண்டி ஏற்கனவே வந்து நின்றிருந்தது. திருமலை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேன் நின்றதும், இறங்கிய முகங்களைப் பார்த்து இரண்டடி பின்னால் போனான். எட்டு முகமும் கரி. பாஞ்சாலையின் முகத்தில் கண்ணும் பல்லும்தான் வெள்ளை.

“இன்னாடி இது? சூளைக்குப் போயிட்டு வரீங்களா?”

“வந்துட்டோம் சார். மூஞ்சிய எடுங்க.”

திருமலை போனைச் சினேகாவுக்கு நேராகப் பிடித்தான். சிவப்பு விழுந்தது. மறுபடி பிடித்தான். முகம் பொருந்தவில்லை என்றது போன்.

“போயி கழுவிக்கினு வாங்க.”

“தண்ணி ஏது சார்? எல்லாத்தையும் வண்டி குடிச்சிடுச்சி. ஷெட்டு கொழாய்ல காத்துதான் வருது.”

“அதுக்கு நான் இன்னா பண்றது? ஏழாவப் போவுது. பூட்டிக்கும்.” சொல்லிக்கொண்டே அவன் மச்சான் வண்டிப் பக்கம் பார்த்தான்.

பாஞ்சாலையும் அந்தப் பக்கம்தான் பார்த்தாள். அந்த வண்டி டிரைவர் ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்சீட்டில் பெரிய தண்ணீர் கேன் ஒன்று மூடி பிரிக்காமல் இருந்தது. நேராக அவனிடம் போனாள்.

“தம்பி, இந்தத் தண்ணிய குடுக்கறியாப்பா?”

அவன் அவள் கையைப் பார்த்தான். விரல்களில் கொப்புளம் எழும்பியிருந்தது. திருமலையை ஒரு தடவை பார்த்தான். பிறகு இறங்கி, தானே கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, மூடியைப் பிரித்துச் சாய்த்துப் பிடித்தான்.

“சீக்கிரம் கழுவுங்கக்கா.”

ஒருத்தி முகத்தை ஒருத்தி கழுவினாள். முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். சினேகாவுக்குப் பச்சை விழுந்தது. அடுத்தவளுக்கும் விழுந்தது. வரிசையாக விழுந்துகொண்டே வந்தது. கடைசியில் அருணாதேவி. அவளுக்குச் சாதாரண நாளிலேயே போன் இரண்டு தடவை யோசிக்கும்.

“சிரிக்காத. சிரிச்சா எடுக்காது,” என்றான் திருமலை.

“சிரிப்பு நிக்கல சார்.”

“அருணா, சிரிக்காதடி!” என்றாள் பாஞ்சாலை. சொன்னவளுக்கே சிரிப்பு வந்தது.

அருணாதேவி கன்னத்தைக் கடித்துக்கொண்டு கண்ணை உருட்டி நின்றாள். போன் யோசித்தது. பச்சை விழுந்தது. ஷெட் வாசலில் எழுந்த கூச்சலுக்கு மதில்மேல் இருந்த குரங்கு ஒன்று குதித்து ஓடியது.

பாஞ்சாலை, ரோட்டில் அள்ளி மடியில் கட்டி வந்த கொள்ளில் ஒரு பிடி எடுத்துத் திருமலையின் கையில் வைத்தாள்.

“இன்னாது இது?”

“வண்டிக்குள்ள அடுப்பு வெச்சிருக்கியான்னு கேட்டீங்களே சார். ஆமா, வெச்சிருந்தேன். சாப்டு பாருங்க.”

மச்சான் வண்டிக்காரன் காலிக் கேனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். போகும்போது ஹாரனை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

அடுத்து முருகவேல் ஷெட். கோணியைக் கொண்டுபோய் அவன் ஸ்பானர்கள் பரப்பியிருந்த மேசைமேலேயே கவிழ்த்தாள்.

“இந்தா, உன் கிளட்ச் பிளேட்டு.”

முருகவேல் திரியைப் புரட்டினான். பிளந்தான். உள்ளே அடுக்கடுக்காகப் பார்த்தான். நெற்றியைச் சொறிந்துகொண்டான்.

“தூக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“தூக்காமயே எப்பிடிச் சொன்ன?”

“பொம்பள ஓட்டறியே, அதான்...” அவன் பாதியில் நிறுத்திவிட்டு அவள் விரல்களைப் பார்த்தான். உள்ளே போய் மருந்து ட்யூபைக் கொண்டுவந்து நீட்டினான். வெளியூர்க் காரை ஒதுக்கிவிட்டு, வேனைத் தூக்கி நிறுத்தி, மிச்சமிருந்த நாரையெல்லாம் தானே சுரண்டினான். “வண்டிய நீங்க காப்பாத்திட்டீங்க. கொஞ்ச நேரம் போயிருந்தா பெட்ரோல் லைன் பிடிச்சிருக்கும். உக்காருங்க, டீ சொல்றேன்.”

அதுவரைக்கும் அவன் அவளை ‘நீங்க’ என்று பேசியதில்லை. டீ வந்தது. பாஞ்சாலை ஸ்டூலில் நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்து, ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

பகல் முறை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. எதிரே கிரிவலத்துக்கு வருகிற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. வேனுக்குள் வாசனை எதுவும் இல்லை. கால்நடையாகச் சுற்றப்போகிறவர்களுக்காக நாளெல்லாம் பாதையைக் கூட்டிய களைப்பில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அருணாதேவி மட்டும் காலைக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் திரி கொஞ்சம் நீளமாகியது.

மேட்டுக்கொல்லை வளைவில் திரும்பியதும் விளக்கு வெளிச்சத்தில் கொள்ளு தெரிந்தது. பாஞ்சாலை முன்னாலேயே வண்டியை நிறுத்தினாள்.

“இனிமே ஏத்தி எறக்கச் சொல்லமாட்டேன்க்கா,” என்றாள் அருணாதேவி.

“அப்புறம் எங்கடி அடிப்ப?”

அருணாதேவி இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். ரோட்டின் ஒரு முனையிலிருந்து கொள்ளை வாரி வாரி அணைத்து எடுத்து ஓரமாகப் போட்டு, தார் தெரிகிற மாதிரி வழி விட்டார்கள். பாஞ்சாலை ஒரு கொடியும் படாமல் மெதுவாக ஓட்டி அந்தப் பக்கம் போய் நிறுத்தினாள். அவளும் இறங்கி வந்தாள். சுட்ட விரல்களை மடக்கிக்கொண்டு, முழங்கையால் அணைத்துத் தூக்கி, எல்லாரோடும் சேர்ந்து கொள்ளை மறுபடி ரோட்டில் பரப்பினாள். தூரத்தில் ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. “வண்டி வருதுடி, ஓரம் வாங்க,” என்றாள் யாரோ.

வேன் விளக்கு எதிர்ப்பக்கத்துக் கருங்கல் பலகையில் விழுந்து நின்றது. ‘உலர் களம். பொதுமக்கள் பயன்பாட்டிற்காக’ என்று அதில் வெட்டியிருந்தது. சங்கிலி போட்ட கேட்டுக்குப் பின்னால், பழைய பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்காக இறக்கிய ஜல்லி ஒரு மூலையில் குவிந்திருந்தது. அதன்மேல் நாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. மிச்சக் களம் முழுக்கக் காலி. அப்போதுதான் எழும்பிய பௌர்ணமி நிலா அதன்மேல், கல் வைக்காமல், மூலைக்கு மூலை சமமாகப் பரவிக் காய்ந்துகொண்டிருந்தது.